நிரம்பாத தொட்டி நல்ல தொட்டியா?

வாசகர் கேள்வி – பதில்
இந்த இதழில்: கடற்கரை வீடுகளின் செப்டிக் டேங்க்

எங்கள் வீட்டில் ஆறு உறை இறக்கி செப்டிக் டேங்க் போட்டு இருபது வருஷம் ஆகிறது. இதுவரை ஒரு தடவைகூடக் கழிவு எடுக்க லாரி கூப்பிட்டதில்லை. பக்கத்து வீட்டில் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கிறார்கள். எங்களுடையது நல்ல டேங்க் என்று எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், தங்கச்சிமடம்

இல்லை ஐயா. ஒழுங்காக வேலை செய்வது பக்கத்து வீட்டு டேங்க்தான்.

செப்டிக் டேங்க் என்பது ஒழுகாத தொட்டி. உள்ளே வரும் கழிவில் கனமானது அடியில் கசடாகப் படியும், எண்ணெயும் நுரையும் மேலே ஏடாக மிதக்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள தண்ணீர் மட்டும், உள்ளே வந்த அளவுக்கே, வெளிக்குழாய் வழியாகப் போகும். அதனால் நல்ல டேங்க் எந்நேரமும் வெளிக்குழாய் மட்டம் வரை நிரம்பித்தான் நிற்கும். நிரம்பாத டேங்க் என்றால், அடியிலோ பக்கத்திலோ மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அடித்தளம் போடாமல் இறக்கிய உறைக்குச் செப்டிக் டேங்க் என்று பெயர் வைத்தாலும் அது உறிஞ்சுகுழிதான்.

உள்நாட்டில், தண்ணீர் நாற்பது அடிக்குக் கீழே கிடக்கும் ஊரில், இதையும் ஓரளவு பொறுக்கலாம். நம் ராமநாதபுரம் கரையில் முடியாது. இங்கே மணலுக்கு அடியில் உள்ள நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் அதற்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கலாம் என்பது கணக்கு. தீவிலும் ஒடுங்கிய கரையிலும் நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். நாம் ஊற்று தோண்டி எடுப்பது அந்த மேல் பகுதியைத்தான். உறைக்குழியிலிருந்து கசிவது நேராகப் போய்ச் சேரும் இடமும் அதுவே.

மணல் வடிகட்டாதா என்று கேட்பீர்கள். வடிகட்டும், ஆனால் காய்ந்த மணல் மட்டுமே. குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே ஈரமில்லாத மணல் இருந்தால், கழிவுநீர் மணல்மணிகளை ஒட்டி மெல்ல இறங்கும். அங்குள்ள காற்றும் நுண்ணுயிர்களும் கிருமியை அழிக்கும். குழியின் அடி தண்ணீருக்குள்ளேயே நின்றால் அந்த வேலை நடக்காது. கிருமி தண்ணீரோடு தண்ணீராக நகர்ந்துவிடும். ஆறு உறை என்றால் ஆறடிக்குக் குறையாது. கார்த்திகையில் தங்கச்சிமடத்தில் அந்த ஆழம் தண்ணீருக்குள்தான் இருக்கும்.

உங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். இரண்டு எண்கள் முக்கியம். 100 மில்லி தண்ணீரில் ஈ-கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கிருமியைக் கொதிக்க வைத்து அழிக்கலாம். நைட்ரேட் கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். நைட்ரேட் கூடுதலாக உள்ள தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கரைக்கவே கூடாது.

பழைய உறையை ஒக்கிடுவதில் பணத்தைப் போடாதீர்கள். அடித்தளத்தோடு புதிய தொட்டி கட்டி, வீட்டுக் குழாயை அதற்கு மாற்றிவிட்டு, பழைய குழியை லாரி வைத்து உறிஞ்சி மணல் நிரப்பி மூடுங்கள்.

உச்சிப்புளி அருகே புது வீடு கட்டுகிறோம். ஐந்து பேர். மழைக்காலத்தில் நான்கு அடியிலேயே தண்ணீர் வந்துவிடுகிறது. என்ன அளவில், எப்படிக் கட்டுவது? கொத்தனார் பத்தடி ஆழம் போடலாம் என்கிறார்.
– வாசகி, உச்சிப்புளி

பத்தடி வேண்டாம் அம்மா. ஆழத்தைவிட நீளம்தான் கசடு படிய உதவும். இந்தியத் தர நிர்ணயத்தில் (ஐ.எஸ். 2470) ஐந்து பேருக்குக் குறைந்த அளவு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், 1 மீட்டர் நீர் ஆழம். உறவினர் வந்து தங்குவதையும் எண்ணி, உள் அளவு 6 அடி நீளம், 3 அடி அகலம், 4 அடி நீர் ஆழம் வைத்துக்கொள்ளுங்கள். அது சுமார் 2,000 லிட்டர் கொள்ளும். நீர் மட்டத்துக்கு மேல் ஓர் அடி காலியிடம் விட வேண்டும்; ஆக உள்ளுயரம் 5 அடி.

இதில் முடிந்த அளவு தரைக்கு மேலே இருக்கட்டும். வீட்டின் அடித்தளத்தை மூன்றடி உயர்த்தி, கழிப்பறைத் தளத்தையும் அதே உயரத்தில் வைத்தால், தொட்டியில் பாதி மண்ணுக்கு மேல் நிற்கும். இந்த முடிவை அடித்தளத்துக்கு வானம் தோண்டுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். சுவர் எழும்பிய பிறகு கேட்டால் மோட்டார் வைப்பது தவிர வேறு வழி சொல்ல முடியாது.

வேலையை ஆடி, ஆவணியில் வைத்துக்கொள்ளுங்கள். கிணற்று நீர் கீழே இறங்கியிருக்கும். அடித்தளம் கம்பி கட்டிய கான்கிரீட்டாக 6 அங்குலம், சுவருக்கு வெளியே எல்லாப் பக்கமும் ஓர் அடி நீட்டி. சுவர் 9 அங்குலச் செங்கல். உள்ளும் புறமும் 1:3 சிமென்ட் பூச்சு. பலர் உள்பக்கம் மட்டும் பூசிவிட்டு வெளிப்பக்கத்தை மண்ணால் மூடிவிடுகிறார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வருவது அந்த வழியாகத்தான். கலவைக்கு உப்புத் தண்ணீர் கூடாது, கடற்கரை மணலும் கூடாது.

கழிப்பறையிலிருந்து வரும் 4 அங்குலக் குழாய்க்குப் பத்தடிக்கு மூன்று அங்குலம் வாட்டம் போதும். வெளிக்குழாய் உள்குழாயைவிட 2 அங்குலம் தாழ்வாக இருக்க வேண்டும். இரண்டு முனையிலும் தொட்டிக்குள் டீ (T வடிவக் குழாய் இணைப்பு) மாட்டுங்கள். டீயின் கீழ்க்கால் நீர் மட்டத்துக்குக் கீழே ஓர் அடி இறங்க வேண்டும். மேல்வாய் திறந்தபடி, நீர் மட்டத்துக்கு ஆறு அங்குலம் மேலே நிற்க வேண்டும். செலவில் மிகச் சிறியது இந்த டீ. இதை விட்டால் கெடுவதோ முழு அமைப்பும். வெளிக்குழாயில் டீ இல்லாத தொட்டியில் மிதக்கும் ஏடு நேராக வெளியேறி, வெளித்தண்ணீரை மண்ணில் வடிக்கும் படுகையை அடைத்துவிடும்.

2,000 லிட்டர் தொட்டிக்கு நடுச்சுவர் ஒன்று வேண்டும். நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, அதாவது உள்வாயிலிருந்து நான்காவது அடியில் எழுப்பி, நீர் ஆழத்தின் பாதி உயரத்தில் துளை விடுங்கள். ஒவ்வொரு அறைக்கும் ஒரு மூடி. மூடி, தரைமட்டத்துக்கு ஆறு அங்குலமாவது மேலே இருந்தால்தான் முற்றத்து மழைத்தண்ணீர் உள்ளே விழாது.

கட்டி முடித்ததும் வெளிக்குழாய் மட்டம் வரை தண்ணீர் நிரப்புங்கள். முதல் நாள் சுவர் குடிக்கும். மறுநாள் திரும்ப நிரப்பிக் கோடு போட்டு, 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். கோடு இறங்கினால் கொத்தனாருக்குக் கடைசித் தவணை கொடுக்க வேண்டாம். புழக்கத்துக்கு வரும்போதும் அந்தத் தண்ணீர் உள்ளேயே இருக்கட்டும். ஒரு வாளி மக்கிய சாணக் கரைசல் விட்டால் போதும்.

இனி வெளியேறும் தண்ணீர். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும் அது கழிவுநீர்தான்; கிருமி அப்படியே இருக்கும். உங்கள் இடத்தில் குழி தோண்டவே கூடாது. நிலத்தடி நீர் ஆறடிக்குள் வரும் இடத்தில் மேட்டுப்படுகைதான் முறை. தரையைக் கொத்திவிட்டு, அதன்மேல் இரண்டடி சுத்தமான மணல். அதன்மேல் 9 அங்குலம் முக்கால் அங்குல ஜல்லி. ஜல்லிக்குள் துளையிட்ட 4 அங்குல பி.வி.சி. குழாய், ஏறத்தாழ மட்டமாக. மேலே ஜியோ டெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுப்பது) விரித்து ஓர் அடி மண் போட்டுப் புல் வளர விடுங்கள். கழிப்பறைத் தண்ணீர் மட்டும் போவதானால் ஐந்து பேருக்கு நாளைக்கு 200 லிட்டர் என்று கொண்டு, ஜல்லிப் பரப்பு 55 சதுர அடி போதும். குளியல், சமையல் தண்ணீரும் சேர்ந்தால் 500 லிட்டர். 135 சதுர அடி வேண்டும். படுகை தொட்டியைவிட உயரமாகிவிட்டால் நடுவில் சிறிய தேக்குத்தொட்டியும் அரைக் குதிரைத்திறன் கழிவுநீர் மோட்டாரும் தேவைப்படும்.

படுகைக்கும் குடிதண்ணீர்க் கிணற்றுக்கும் 60 அடி இடைவெளி வேண்டும். நிலத்தடி நீர் பொதுவாகக் கடலை நோக்கி நகர்வதால், படுகை கடல் புறமும் கிணறு அதற்கு எதிர்ப்புறமும் இருப்பது நல்லது. பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்தே அளந்து பாருங்கள். அவ்வளவு இடம் இல்லாத மனையில் அடியில் ஒழுகாத தொட்டி கட்டி, ஜல்லி நிரப்பிக் கல்வாழை நடுவது அடுத்த வழி.

ஐப்பசி, கார்த்திகையில் கழிப்பறையில் தண்ணீர் இறங்காமல் மேலே வருகிறது. லாரி வைத்து எடுத்தோம், மூன்றாம் நாளே பழையபடி. லாரிக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– வாசகர், பெரியபட்டினம்

ஏமாற்றவில்லை. அவர் எடுத்ததில் பெரும்பகுதி மழைத்தண்ணீராக இருந்திருக்கும்.

மூடியைத் திறந்து தள்ளி நின்று பாருங்கள். பீடி, தீக்குச்சி, விளக்கு எதுவும் பக்கத்தில் கூடாது. தொட்டியில் நீர் மட்டம் வெளிக்குழாய் அளவில் சரியாக நிற்கிறது, ஆனாலும் கழிப்பறை இறங்கவில்லை என்றால் அடைப்பு வீட்டுக்கும் தொட்டிக்கும் இடையிலுள்ள குழாயில். சேம்பரிலிருந்து (குழாய் வழியில் திறந்து பார்க்கும் சிறு தொட்டி) மூங்கில் சிம்பு விட்டு எடுத்துவிடலாம். நீர் மட்டம் வெளிக்குழாய்க்கு மேலே ஏறி நின்றால் கோளாறு வெளியேறும் பக்கம். அப்போது உறிஞ்சுகுழியின் நீர் மட்டத்தையும் கிணற்று நீர் மட்டத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் குழி நிலத்தடி நீரில் மூழ்கிவிட்டது. எத்தனை லாரி வந்தாலும் ஊறிக்கொண்டேதான் இருக்கும்.

மழை முடியும் வரை செய்யக்கூடியது தொட்டிக்குள் போகும் தண்ணீரைக் குறைப்பது. குளியல், துணி துவைக்கும் தண்ணீரைத் தனியாகப் பிரித்துத் தென்னைக்கு விடுங்கள். கூரைத் தண்ணீர் விழும் இடத்தைத் தொட்டியிலிருந்து விலக்குங்கள். தை, மாசியில் மேட்டுப்படுகைக்கு மாறுங்கள். வெளிக்குழாயில் வால்வு மாட்டச் சொல்பவர்கள் உண்டு; வெளித்தண்ணீர் உள்ளே வராது, சரி. உள்ளே இருப்பதும் வெளியே போகாதே.

பிளாஸ்டிக் செப்டிக் டேங்க் 2,000 லிட்டர் வாங்கிப் புதைத்தோம். மழையில் சுத்தம் செய்ததும் மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிட்டது. குழாயெல்லாம் உடைந்தது.
– வாசகர், மண்டபம்

காலி டேங்க் நிலத்தடி நீரில் படகைப் போல மிதக்கும். 2,000 லிட்டர் டேங்கைச் சுற்றி மேல்மட்டம் வரை தண்ணீர் ஏறினால், தூக்கும் விசை சுமார் 2 டன். டேங்கின் சொந்த எடை அதற்கு முன் ஒன்றுமில்லை.

மறுபடி புதைக்கும்போது அடியில் கான்கிரீட் தளம் போட்டு அதோடு கட்டுங்கள். ஒரு கன மீட்டர் கான்கிரீட் 2.4 டன் எடை. தண்ணீருக்குள் அது 1.4 டன்னாகத்தான் பயன்படும். ஆகவே சுமார் 50 கன அடி கான்கிரீட் வேண்டும். 8 அடிக்கு 8 அடி, 9 அங்குலக் கனம் கிட்டத்தட்ட அந்தக் கணக்குக்கு வரும். தளத்தின் ஓரங்களில் ஏறும் மண் கூடுதல் காப்பு. கட்டுவதற்கு நைலான் பட்டை அல்லது துருப்பிடிக்காத எஃகு. சாதாரண இரும்புக் கம்பி நம் உப்பு மண்ணில் தாங்காது. மண் மூடும்போது டேங்குக்குள்ளும் அதே உயரத்துக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டே வாருங்கள், இல்லையென்றால் பக்கம் அமுங்கும். இனி சுத்தம் செய்வது பங்குனி முதல் ஆவணிக்குள் இருக்கட்டும். எடுத்த அன்றே தண்ணீர் நிரப்பிவிடுங்கள்.

பாக்டீரியா பவுடர் மாதா மாதம் போட வேண்டுமா? ஆசிட் விட்டுக் கழுவலாமா?
– வாசகி, கீழக்கரை

பவுடர் வேண்டாம். தேவையான நுண்ணுயிர் மலத்திலேயே இருக்கிறது; எந்தப் பவுடரும் லாரிக்கு மாற்றாகாது. வாரம் ஒருமுறை கோப்பையைக் கழுவும் அளவு ஆசிட், பினாயிலால் பெரிய கெடுதல் இல்லை. பாட்டில் பாட்டிலாக ஊற்றினால் செரிமானம் நின்று, கசடு கரையாமல் வெளியேறும். ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும். நாப்கின், டயப்பர், ஈரத் துடைப்பான் தாள் எதையும் உள்ளே போடக் கூடாது.

உப்புக் கிணற்றுத் தண்ணீரைத்தான் கழிப்பறைக்குப் பயன்படுத்துகிறோம். அழுகிய முட்டை வாடை தாங்கவில்லை. மூடி சிலாப்பின் அடிப்பக்கம் உதிர்ந்து கம்பி தெரிகிறது.
– வாசகர், தேவிபட்டினம்

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். கடல் நீரில் லிட்டருக்கு சுமார் 2,700 மில்லிகிராம் சல்பேட் இருக்கிறது. கடலோரக் கிணற்றில் அதில் ஒரு பங்கு கலந்திருக்கும். காற்றில்லாத தொட்டியில் நுண்ணுயிர்கள் அந்தச் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றும். வாடை அதுதான். அந்த வாயு சிலாப்பின் ஈரமான அடிப்பக்கத்தில் ஒட்டிக் கந்தக அமிலமாகி கான்கிரீட்டைத் தின்னும். கம்பி வெளியே தெரிந்தபின் உப்புக் காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

உப்புத் தண்ணீரால் செரிமானம் நின்றுவிடாது, கொஞ்சம் மந்தப்படும். ஒரு மாதம் நல்ல தண்ணீர், ஒரு மாதம் உப்பு என்று மாற்றி மாற்றி விடுவதுதான் நுண்ணுயிர்க்குச் சிரமம்.

சிலாப்பை இன்றே மாற்றுங்கள். அதன்மேல் யாரும் நடக்காதபடி இப்போதே வேலி கட்டுங்கள். குழந்தைகள் விழுவது இப்படிப்பட்ட மூடியில்தான். புதிதாகக் கருங்கல் பலகை போடுவது நம் பகுதிக்கு ஏற்றது. கான்கிரீட் என்றால் 5 அங்குலக் கனம், கம்பிக்குக் கீழே குறைந்தது 30 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடாக்கு, அடிப்பக்கம் இரண்டு கை எபாக்ஸி பூச்சு. வாயு தங்காமல் போக வென்ட் பைப் 2 அங்குலத்துக்குக் குறையாமல், வீட்டுக் கூரைக்கு மேல் 2 மீட்டர் உயர்த்தி, உச்சியில் கொசுவலை கட்டுங்கள். துருப்பிடிக்கும் இரும்பு வலை வேண்டாம், நைலான் போதும்.

எப்போது லாரி கூப்பிட வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? போன தடவை வந்தவர் அடிக்கசடு வரவில்லை, ஆளை இறக்கி எடுக்கட்டுமா என்று கேட்டார்.
– வாசகர், தொண்டி

முதலில் இரண்டாவது கேள்விக்குப் பதில். எந்தக் காரணத்துக்கும் யாரையும் உள்ளே இறக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு சிறிதளவில் நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது, ஓரிரு மூச்சில் ஆள் சாய்வார். அவரைத் தூக்க இறங்குபவரும் அங்கேயே விழுவார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் இறப்பது இப்படித்தான். பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. சட்டம் இருக்கட்டும். இறங்குகிறவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இறுகிய கசட்டுக்கு வழி உண்டு. லாரியிலிருந்தே தண்ணீரை அழுத்தமாகத் திருப்பி அடித்து, மேலிருந்து நீண்ட கழியால் கலக்கி, பத்து நிமிடம் விட்டு மறுபடி உறிஞ்சினால் வரும். அடியில் ஓர் அங்குலம் பழைய கசடு மிஞ்சுவது நல்லதே, பாலுக்கு மோர் போல, புதிய கழிவுக்கு அதுதான் உறை. பொதுவாக இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எடுத்தால் இறுகவே இறுகாது.

அளந்து பார்க்க விரும்பினால், நீண்ட கழியின் கீழ் மூன்றடிக்கு வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டுங்கள். மூடிக்கு வெளியே நின்றபடி அடி தட்டும் வரை இறக்கி, இரண்டு நிமிடம் வைத்து மெதுவாக எடுங்கள். துண்டில் கறுப்பேறிய உயரம்தான் கசடு. அதுவும் மேல் ஏடும் சேர்ந்து நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கானால், உச்சிப்புளி வாசகிக்குச் சொன்ன நான்கடித் தொட்டியில் 16 அங்குலம் ஆனால், லாரிக்குச் சொல்லுங்கள். அரசின் உதவி எண் 14420. எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள் என்பதையும் கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையம் என்று பதில் வர வேண்டும். கண்மாயிலும் உப்பாற்றிலும் கடலிலும் கொட்டுகிறவருக்கு நீங்கள் கொடுக்கும் காசு, உங்கள் ஊர் மீனையும் கடற்புல்லையும் அழிக்கத்தான் போகும்.

மீன் கழுவும் தண்ணீரை டேங்கில் விடலாமா?
– வாசகி, மூக்கையூர்

விடாதீர்கள். செதிலும் கொழுப்பும் ஏட்டைத் தடிக்க வைக்கும். வலைக்கூடையில் வடித்துத் தென்னந்தூரில் ஊற்றுங்கள். குடலைக் குழி தோண்டிப் புதையுங்கள். ஆனால் தென்னையே தொட்டிக்குப் பத்தடிக்குள் இருக்க வேண்டாம், குழாய் மூட்டுகளில் வேர் புகுந்துவிடும்.

சந்தனக்கூடு சமயத்தில் எங்கள் வீட்டில் இருபத்தைந்து பேர் வரை தங்குவார்கள். ஐந்து பேருக்குக் கட்டிய டேங்க் தாங்குமா?
– வாசகர், ஏர்வாடி

கசடு எடுத்த தொட்டியானால் சில நாள் தாங்கும். கணக்கு இதுதான்: 2,000 லிட்டர் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு கசடு இருந்தால் மிச்சம் சுமார் 1,350 லிட்டர். கழிப்பறைக்கு மட்டும் ஆளுக்கு 40 லிட்டர் என்றாலும் 25 பேருக்கு நாளைக்கு 1,000 லிட்டர். கழிவு படிவதற்கு ஒரு நாளாவது உள்ளே நிற்க வேண்டும். அந்த எல்லைக்குள் மயிரிழையில்தான் இருக்கிறது. குளியல் தண்ணீரும் சேர்ந்தால் கசடு கலங்கி வெளிக்குழாய் வழியே படுகைக்குப் போய்விடும், படுகை அடைத்தால் லாரியால் சரிசெய்ய முடியாது. அதனால் விழாவுக்கு ஒரு மாதம் முன்பே கசடு எடுத்து, தண்ணீர் நிரப்பி வையுங்கள். குளிக்க வெளியே தனி மறைப்புக் கட்டி, அந்தத் தண்ணீரை வாய்க்கால் வெட்டித் தென்னைக்குத் திருப்பிவிடுங்கள்.